பொதுநலனும் தனியொருவர் தியாகமும்: ஜேர்மனியில் தடுப்பூசி நட்டஈட்டின் வரலாறு

பலரின் நன்மைக்காகச் சிலர் துன்புற நேரின், அத்துன்பத்தின் சுமையை ஏற்க வேண்டியவர் யார்? அரசியற் சிந்தனையில் மிகப் பழைய இவ்வினா, கட்டாயத் தடுப்பூசியின் வரலாற்றில் நீதிமன்றங்கள் விடை கூறியே ஆகவேண்டிய ஒரு சட்டப் பிரச்சினையாக உருவெடுத்தது. அவ்விடை எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஜேர்மனியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1870-71 ஆம் ஆண்டுப் போரைத் தொடர்ந்து ஐரோப்பாவெங்கும் பெரியம்மை பரவிப் பேரழிவை ஏற்படுத்தியது. இதன் விளைவாக 1874 இல் ஜேர்மன் பேரரசு தடுப்பூசிச் சட்டமொன்றை இயற்றியது. குழந்தை பிறந்ததற்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஒருமுறையும், பள்ளிப் பருவத்தில் பன்னிரண்டாம் வயதளவில் மறுமுறையும் அம்மைப்பால் குத்துதல் கட்டாயமாயிற்று. நோய் தணிந்தது. எனினும், மிக அரிதாகச் சிலர் தடுப்பூசியின் பின் மூளை அழற்சிக்கு ஆளாயினர். மறுத்தோருக்குத் தண்டனை விதித்த அச்சட்டம், பணிந்து பாதிப்புற்றோருக்கு எதனையும் வழங்கவில்லை.

பொதுநலனுக்காகத் தன் உரிமையைத் தியாகம் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கு அரசு ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு, 1794 ஆம் ஆண்டின் பிரசியச் சட்டத்தொகுப்பிலேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் 1937 இல் பேரரசின் உயர் நீதிமன்றம், தடுப்பூசியாற் பாதிக்கப்பட்டோருக்கு அதனைப் பொருத்த மறுத்தது. சட்டம் யாவர்க்கும் பொதுவாக விதித்த கடமையிலிருந்து தனிப்பட்ட தியாகம் எதுவும் தோன்றாது என்பது அதன் வாதம்.

1953 இல் மேற்கு ஜேர்மனியின் சமஷ்டி உயர் நீதிமன்றம் இவ்வாதத்தைக் கைவிட்டது. தடுப்பூசியும் அதன் வழமையான சிறு உபாதையுமே யாவர்க்கும் பொதுவானவை. அவற்றைக் கடந்த பெரும் பாதிப்பு, சட்டம் எவரிடமும் கோராத சிறப்புத் தியாகமாகும் என அது கண்டது. கடமை பொதுவானது; காயமோ தனியொருவருடையது. இவ்வேறுபாட்டை உணர்ந்தமையே அத்தீர்ப்பின் சிறப்பு.

1961 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இவ்வுரிமையை எழுத்தில் நிலைநிறுத்தியது. அரசு கட்டாயப்படுத்திய தடுப்பூசிகளோடு, பரிந்துரைத்தவையும் அதில் அடங்கின. 2001 இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, போரில் ஊனமுற்றோருக்கான உதவி விதிகளையே இவர்களுக்கும் பொருத்தியது. தடுப்பூசியே காரணம் என்பதை ஐயமற நிறுவவேண்டியதில்லை. அதற்கான ஏதுநிலை மேலோங்கி நின்றாற் போதும் என்றும் அது ஏற்றது.

ஐக்கிய அமெரிக்கா வேறொரு வழியால் இவ்விடத்தை அடைந்தது. உற்பத்தியாளர் மீது வழக்குகள் பெருகி, அவர்களுட் சிலர் தொழிலைக் கைவிடவே, தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு நேரும் என்ற அச்சம் எழுந்தது. 1986 இல் அந்நாடு தனியான நட்டஈட்டுத் திட்டத்தைச் சட்டமாக்கியது. அங்கு உந்துதலாய் அமைந்தது பெரிதும் வழங்கல் பற்றிய கவலை; ஜேர்மனியிலோ நீதி பற்றிய கோட்பாடு.

நட்டஈடு வழங்குதல் தடுப்பூசியின் பயனை ஐயுறுவதாகாது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தமை 1980 இல் பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வெற்றியிற் பங்குகொண்ட கோடிக்கணக்கானோருள் மிகச் சிலரே அதற்குத் தம் உடலால் விலை கொடுத்தனர். அவர்கள் சிலரே என்பது அவர்களை மறப்பதற்கான நியாயமன்று. கடனைத் தீர்ப்பது சமுதாயத்துக்கு எளிது என்பதற்கான சான்றேயாகும்.