உப்பும் கசிப்பும்: புத்தளக் கரையின் ஒரு பழைய கதை

கற்பிட்டியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நியூசிலாந்தில் குடியேறி நீண்ட காலமாகிறது. செப்பினாலான சிறிய வடிகலம் ஒன்றை வாங்கி வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வைத்திருப்பதாக அண்மையில் தொலைபேசியில் சொன்னார். வார இறுதிகளில் சாராயம் வடிப்பது அவரது புதிய பொழுதுபோக்கு. அந்நாட்டில் 1996ஆம் ஆண்டிலிருந்து சொந்தப் பாவனைக்காக வீட்டில் மது வடிப்பது குற்றமன்று, விற்றால்தான் குற்றம். ஊரில் நம்மவர்கள் எவ்வாறு வடித்தார்கள் என்று எழுதி அனுப்பும்படி கேட்டார். பத்திரிகையாளனாக இருந்தவனுக்குத் தெரியாமலிருக்காது என்பது அவர் நம்பிக்கை.

தெரியும்தான். ஆனால் செய்முறையைவிட வரலாறே அவர் அறிய வேண்டியது என்று எனக்குப் பட்டது. எங்கள் கரையில் அது ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உரிமமின்றி வடிக்கும் சாராயத்துக்கு இலங்கையில் கசிப்பு என்று பெயர். சிங்களத்திலும் தமிழிலும் வழங்கும் சொல் இது. தமிழ்க் காதுக்கு அதில் கசிதல் என்ற வினை தானாகவே கேட்கும். உலகெங்கும் வழங்கும் 'அரக்' என்ற சொல் அரபு மொழியில் வியர்வையைக் குறிப்பது. கொதிக்கும் கலத்தின் ஆவி குளிர்ந்து துளித்துளியாக வடிவதைக் கண்டவர்கள் வேறு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? அரபுப் பயணி இபுன் பதூதா 1344இல் வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார்.

சிலாபம், குருநாகல், கொழும்பு ஆகியவற்றை இணைக்கும் நிலப்பரப்பைத் தென்னை முக்கோணம் என்பர். அதன் வடமேற்கு ஓரம் புத்தளம் மாவட்டக் கரை. தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள லுணுவிலயும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. தென்னம்பாளையைச் சீவி முட்டி கட்டினால் இறங்குவது கள். காலையில் இனிக்கும்; மாலைக்குள் புளித்து வெறியேறும்; ஓரிரு நாள் விட்டால் காடியாகிவிடும். ஆகவே கள்ளை வடிப்பது என்பது அடிப்படையில் கெட்டுப்போகும் பொருளொன்றைக் கெடாமற் காக்கும் வித்தை. மிஞ்சிய மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கும் கைக்கும், மிஞ்சிய கள்ளைப் பானையில் ஏற்றும் கைக்கும் அதிக வேறுபாடில்லை.

இக்கரையில் அந்த இரண்டு கைகளையும் அரசு பிடித்தது. புத்தளம் என்ற பெயருக்குப் 'புது அளம்', அதாவது புதிய உப்பளம் என்று பொருள் சொல்வோர் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் உப்பு அரசின் ஏகபோகம். வெயிலில் தானாக விளைந்த உப்பைக்கூடக் கரையோரத்துக் குடியானவன் தன் விருப்பப்படி அள்ள முடியாது. சாராயத்துக்கோ குத்தகை முறை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்துக்கு வரும்; அதிக விலை கேட்டவர் எடுத்துக்கொள்வார். இலங்கையின் புதுப் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் இக்குத்தகைகளில் திரண்டதைப் பேராசிரியர் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

குத்தகை முறையின் இடத்துக்கு 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமமின்றி வடிப்பது மட்டுமன்று, வடிகலத்தை வைத்திருப்பதும், கள்ளுக்காக மரத்தைச் சீவுவதும் குற்றமாயின. அதே ஆண்டில் மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கொதித்தெழுந்ததற்குக் காரணம், அரசு புதிதாகத் திறக்க முனைந்த கள்ளுத் தவறணைகள். வடித்தவனைத் தண்டித்த அதே அரசு தவறணைகளைப் பெருக்கியது. நோக்கம் மக்களின் உடல்நலமா, கருவூலமா என்று கேட்க அறிஞராக இருக்க வேண்டியதில்லை. இயக்கத்தின் முன்னணியில் நின்ற டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் 1915 கலவரத்தையடுத்துச் சிறையிடப்பட்டனர் என்பது தனிக்கதை.

சட்டம் வடித்தலை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது. வீட்டுப் பின்புறத்திலிருந்து அது களப்புக்குள் போயிற்று. புத்தளம் களப்பின் கண்டற்காடுகளும் சிறு தீவுகளும் இதற்கென்றே படைத்தவை போலிருக்கும். விறகு உண்டு, குளிரவைக்கத் தண்ணீர் உண்டு, ஏற்றிச்செல்லத் தோணி உண்டு. பொலிஸாரும் கடற்படையினரும் அங்கே நடத்திய முற்றுகைகள் பத்திரிகைகளில் வழக்கமான செய்திகள்.

இடத்தோடு பொருளும் மாறியது. கள் இறக்க மரம் வேண்டும். மரத்தை ஒளிக்க முடியாது. சீனியை ஒளிக்கலாம். ஆகவே சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்ந்த 'கோடா' பீப்பாக்களில் நொதிக்கத் தொடங்கியது. நொதித்தலை விரைவுபடுத்த உரம் கொட்டினார்கள். முன்பு என்ன இரசாயனம் இருந்தது என்று தெரியாத பீப்பாக்களும் பயன்பட்டன. தான் குடிப்பதற்கு வடித்தவனுக்கு இருந்த அச்சம், முகம் தெரியாதவனுக்கு விற்பவனுக்கு இல்லாமற் போயிற்று.

நஞ்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது வடிகலத்தில் பிறந்த நஞ்சன்று. தொழிற்சாலைகளுக்கென உண்டாக்கப்படும் மெதனால் கலந்த சரக்கு. மலிவான போதையைத் தேடியவர்கள் ஏழைகள், செத்தவர்களும் அவர்களே.

இக்கரையின் நீதவான் நீதிமன்றம் ஒன்றில் செய்தி சேகரித்த நாட்களில் ஒரு பெண்ணை அடிக்கடி கண்டிருக்கிறேன். கசிப்பு வைத்திருந்த குற்றம். குற்றத்தை உடனே ஒப்புக்கொள்வாள். தண்டப்பணத்தை வாசலில் நிற்கும் வேறொருவர் கட்டுவார். சில வாரங்களில் மறுபடியும் அதே கூண்டில் நிற்பாள். ஒவ்வொரு முறையும் நான் இரண்டு வரிச் செய்தி எழுதினேன். பணம் கட்டியவர் யார், வடிகலம் யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குத்தகைக்காரன் போய் முதலாளி வந்திருந்தான். அதைச் செய்தியென்று நான் அன்று உணரவில்லை.

கசிப்பு எத்தனை மீனவக் குடும்பங்களின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். எனவே எல்லாரும் வடிக்கலாம் என்று இங்கே வாதாடவில்லை. ஒரே செப்புக் குழாய் அங்கே ஓய்வுநேரக் கருவியாகவும் இங்கே குற்றச் சான்றாகவும் ஆனது எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். செய்முறை எதுவும் அதில் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினேன்.