தந்தம் இழந்த யானைகள்

யானையிடம் மனிதன் அதிகம் விலை பேசியது அதன் தந்தத்தைத்தான். தந்தம் என்பது கொம்பு அல்ல, பல். மேல்தாடையின் இரண்டு வெட்டுப்பற்களே வாழ்நாள் முழுவதும் வளர்ந்து வெளியே நீள்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். எனவே முழுத் தந்தத்தையும் எடுக்க நினைப்பவன் யானையைக் கொன்றுவிடுகிறான்.

ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம் உண்டு. தந்தமில்லாத ஆணை நம் ஊரில் மக்னா என்பார்கள். ஆப்பிரிக்க யானைகளிலோ ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. மரப்பட்டை உரிக்கவும், தண்ணீருக்காக மண்ணைத் தோண்டவும் அவை அதைப் பயன்படுத்துகின்றன.

இந்தத் தந்தமே மொசாம்பிக் நாட்டு யானைகளுக்கு எமனாக வந்தது. 1975-ல் போர்ச்சுகலிடம் இருந்து விடுதலை பெற்ற அந்நாட்டில் 1977-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசுப் படை, ரெனாமோ கிளர்ச்சிப் படை என இரு தரப்பும் இறைச்சிக்காகவும், தந்தம் விற்றுப் போர்ச் செலவைச் சமாளிக்கவும் யானைகளைச் சுட்டன. கொரொங்கோசா தேசியப் பூங்காவில் 1972-ல் 2,500-க்கும் மேல் இருந்த யானைகள், 2000-ல் சுமார் 250 ஆகக் குறைந்திருந்தன!

தப்பியவை பெரும்பாலும் எவை? பிறவியிலேயே தந்தமில்லாத பெண் யானைகள். அவற்றைச் சுட்டால் லாபமில்லை அல்லவா? போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதமாக இருந்த தந்தமில்லாதவை, போருக்குப் பின் ஏறத்தாழ 51 சதவீதமாகின. 1992-ல் போர் முடிந்தது. ஆனால் அதன் பிறகு பிறந்த பெண் குட்டிகளிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை.

2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது. தந்தமின்மைக்கான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து அது மகளுக்கு வந்தால் மகளுக்குத் தந்தம் இருக்காது. மகனுக்கு வந்தாலோ அது பிறக்கும் முன்பே இறந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தந்தமில்லாத தாய்களுக்கு ஆண் குட்டிகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்கிறார்கள்.

ஆக, தோட்டாவிலிருந்து தாயைக் காப்பாற்றிய அதே குறை, பிறக்க வேண்டிய மகனைப் பறிக்கிறது. பாதுகாப்பு நீடித்தால் தந்தமுள்ள யானைகள் மீண்டும் பெருகலாம். ஆனால் ஒரு குட்டியைச் சுமக்கவே யானைக்கு ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகும். பதினைந்து ஆண்டுப் போரின் கணக்கைத் தீர்க்க அவற்றுக்குப் பல தலைமுறைகள் தேவைப்படும்.