கள்ளுக்கடை வரலாற்றில் விடுபட்டவர்

மது என்றதும் நம் பேச்சு தோட்டத்துக் கள்ளுக்கடைக்குத்தான் போகும். அந்த வரலாறும் சிறியதல்ல. சிலாங்கூர் கடலோர மாவட்டங்களில் கள்ளுக்குடி பற்றி எழுந்த புகார்களை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917-இல் வெளிவந்தது. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடுவதும் ஒரு கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

நாம் மேடைதோறும் சொல்லும் இந்த வரலாற்றில் ஒருவர் மட்டும் வருவதே இல்லை. செந்தூல் ரயில்வே குடியிருப்போ, தோட்டத்து லயமோ, அறிவுத்திறன் குறைந்த ஒரு பிள்ளை அங்கேயும் வளர்ந்திருக்கும். விருந்தில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்து வேடிக்கை பார்க்கும் 'பெரிய மனிதர்கள்' இன்றும் உண்டு. அவன் மனத்தை மது எப்படி இழுக்கிறது என்று யார் கேட்டார்கள்?

விஞ்ஞானமே தாமதமாகத்தான் கேட்டது. 1935-இல் ஸ்ட்ரூப் ஒரு சோதனையை வெளியிட்டார். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. நாக்கு தடுமாறும். பிற்காலத்தில் நிறச் சொல்லுக்குப் பதில் 'பீர்' போன்ற சொற்களை வைத்தார்கள். குடிப் பழக்கம் உள்ளவர் அந்தச் சொல்லில் சற்றுத் தாமதித்தால், கவனம் மதுவின் பக்கம் சாய்கிறது என்று பொருள். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பவர் தாமதிப்பது மதுவாலா, எழுத்தாலா? சோதனையே அவரை வாசலில் நிறுத்திவிட்டது!

1986-இல் மனப்பதற்றத்தை அளக்க வந்த வேறொரு சோதனை, பிறகு மதுவுக்காகப் படங்களுக்கு மாறியது. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தோன்றி மறையும். ஒன்றிருந்த இடத்தில் புள்ளி வரும். போத்தல் இருந்த இடத்துப் புள்ளிக்கு விரல் வேகமாகப் போனால், கண் முன்பே அங்கே இருந்திருக்கிறது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை ஆராய ஏற்ற மதுப் படங்களைச் சீர்படுத்தி வெளியிட்டார்கள். நமக்கு அந்தப் படங்கள் போதா. இங்கே சம்சு போத்தலும் கள்ளுக் குவளையும் வேண்டும்.

"குடிச்சியாடா?" என்று அதட்டினால், பயத்தில் "இல்லை" என்பான், சிரித்துக் கேட்டால், நம்மை மகிழ்விக்க "ஆமாம்" என்பான். அதனால்தான் அதே நாட்டில் உருவான வினாநிரல் ஒன்று, முதலில் படத்தைக் காட்டி, "இது என்ன, தெரியுமா?" என்று கேட்கிறது. நீ குடிப்பாயா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது.