நேரத்தால் இடமறிதல்



"மணி என்ன?" என்பது ஒரு கேள்வி. "நான் எங்கே இருக்கிறேன்?" என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றே நமக்குத் தோன்றும். பெரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டியவர் மணியைக் கேட்கிறார். புதிய ஊரில் வழி தவறியவர் இடத்தைக் கேட்கிறார். ஆனால் கடலோடிகளும் வானொலிப் பொறியாளர்களும் இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகவே கண்டனர். சரியான நேரம் தெரிந்தவனுக்கே சரியான இடம் தெரியும் என்பது அவர்கள் அனுபவத்தில் உணர்ந்த உண்மை. இன்று கைத்தொலைபேசி நமக்கு வழி காட்டுவதும், சிங்கப்பூரில் டாக்சி நாம் நிற்கும் வாசலைத் தேடி வருவதும் இந்த உண்மையின் மேல்தான் நடக்கின்றன. அது வளர்ந்த வரலாற்றைச் சிங்கப்பூரை மையமாக வைத்து இன்று பார்ப்போம்.

சிங்கப்பூர் நகரின் நடுவில் ஃபோர்ட் கேனிங் என்றொரு குன்று இருக்கிறது. பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் அதன் உச்சியில் ஒரு கம்பம் நின்றது. அதில் ஒரு பெரிய பந்து கோக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பிற்பகல் 1 மணிக்குச் சற்று முன்னர் பந்தைக் கம்பத்தின் மேலே ஏற்றுவார்கள். சரியாக 1 மணி அடிக்கும் கணத்தில் அது கீழே விழும். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் மாலுமிகள் தொலைநோக்கியோடு அதைப் பார்த்திருந்து, தங்கள் கப்பல் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக்கொள்வார்கள். அந்தக் காலப்பந்தின் மாதிரி ஒன்றை இன்றும் அந்தக் குன்றில் காணலாம்.

குன்றிலிருந்து பீரங்கி முழக்கமும் ஊருக்கு நேரம் சொன்னது. பீரங்கி ஒலி இருக்கும்போது பந்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். மின்னல் வெட்டிய பிறகு சற்றுத் தாமதித்து இடி கேட்பது இதனால்தான். 2 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்குப் பீரங்கி ஒலி 6 விநாடி தாமதமாகவே போய்ச் சேரும். பந்து விழும் காட்சியோ அந்தக் கணத்திலேயே கண்ணுக்கு எட்டிவிடும்.

வெறும் 6 விநாடியில் என்ன கெட்டுவிடும்? பூமி ஒரு நாளில் ஒருமுறை சுற்றுகிறது. அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சுழல்கிறது. கப்பல் தலைவர் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்ப்பார். அதே கணத்தில் இங்கிலாந்தின் கிரீன்விச் நகரில் மணி என்ன என்பதைத் தம் கப்பல் கடிகாரத்தில் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தாம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே எத்தனை பாகையில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். சிங்கப்பூருக்கு அந்த வேறுபாடு ஏறத்தாழ 6 மணி 55 நிமிடம். கணக்கிட்டால் ஏறக்குறைய 104 பாகை வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில், கடிகாரம் ஒரு விநாடி பிசகினால் கணக்கில் 460 மீட்டருக்குமேல் பிசகிவிடும். 6 விநாடி பிசகினால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். நடுக்கடலில் அது பெரிதல்ல. பாறைகள் நிறைந்த நீரிணையின் வாயிலில் அதுவே உயிரைக் குடித்துவிடும்.

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்ற பாறை இருக்கிறது. 1824-க்கும் 1851-க்கும் இடையில் அதைச் சுற்றி பெரிய கப்பல்கள் பல உடைந்தன. பிறகே, 1851-இல், அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள். கலங்கரை விளக்கின் ஒளி எட்டாத ஆழ்கடலில் அத்தகைய கப்பல்களின் மேல்தளத்தில் படுத்துக் கிடந்த நூற்றுக்கணக்கானோரின் உயிர், வானத்தையும் கடிகாரத்தையும் பார்த்து மாலுமி போட்ட கணக்கை நம்பியே இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊரின் கடிகாரம் அரசு சொல்கிறபடி மாறும். சிங்கப்பூரில் 1905 ஜூன் 1 முதல் கிரீன்விச்சைவிட 7 மணி முந்திய நேரம் வழக்குக்கு வந்தது. 1933-இல் அதனுடன் 20 நிமிடம் சேர்ந்தது. 1941-இல் அது 7 மணி 30 நிமிடம் ஆனது. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டது. கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. இன்றுள்ள 8 மணி வேறுபாடு 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடப்புக்கு வந்தது. இவற்றால் தொழிலாளி எழுந்திருக்கும் இருட்டின் அளவு மாறியது. சூரியனோ பூமியோ மாறவில்லை. ஆகவே மாலுமி, ஊரில் எந்த மணி அடித்தாலும், தம் பெட்டியிலுள்ள கிரீன்விச் நேரத்தையே போற்றி வந்தார்.

வானொலி பிறந்ததும் காலப்பந்தின் வேலை குறைந்தது. 1910-இல் பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரம் கம்பியில்லாத் தந்தி மூலம் நேர அறிவிப்பு செய்யத் தொடங்கியது. 1924-இல் பி.பி.சி. வானொலி ஆறு சிறு ஒலிகளால் மணி அறிவிக்கத் தொடங்கியது. நடுக்கடலிலும் இனி நேரத்தைச் சரிபார்க்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று காத்திருந்தது. வானொலி அலை நேரத்தைச் சுமந்து வருவதோடு நில்லாமல், தான் வந்த தூரத்தையும் அளந்து சொல்லும் என்று பொறியாளர்கள் கண்டனர்.

இதைத் தோட்டத்து எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்தின் ஒரு கோடியில் ஆபீஸ் மணி. மறுகோடியில் ஆலைச் சங்கு. இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உங்கள் காதில் ஒன்றாக விழுந்தால், நீங்கள் இரண்டிலிருந்தும் சம தூரத்தில் நிற்கிறீர்கள். ஆபீஸ் மணி ஒரு விநாடி முந்திக் கேட்டால், ஆலையைவிட ஆபீசுக்கு 340 மீட்டர் கிட்டத்தில் இருக்கிறீர்கள். இதற்கு உங்களிடம் கைக்கடிகாரம்கூட வேண்டாம். வேறுபாடு தெரிந்தால் போதும். ஆனால் அப்படி நிற்கக்கூடிய இடங்கள் பல. அவை ஒரு வளைந்த கோடாக அமையும். மூன்றாவது மணி ஒன்றும் ஒலித்தால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே உங்கள் இடம். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பிரிட்டன் தன் விமானங்களுக்கு அமைத்த 'ஜீ' முறையும், பின்னர் அமெரிக்கா அமைத்த 'லோரான்' முறையும் இப்படிப்பட்டவையே. மணிக்குப் பதில் வானொலி நிலையங்கள், அவ்வளவே.

ஒலிக்கும் வானொலி அலைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வானொலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் அது 300 மீட்டர் போய்விடும். காலப்பந்தின் காலத்தில் ஒரு விநாடிப் பிழை அரைக் கிலோமீட்டரைக் கெடுத்தது. இங்கே அதே ஒரு விநாடி, நிலவுக்குப் போகும் வழியில் முக்கால் பங்கை விழுங்கிவிடும். எனவே கடிகாரமும் அதற்கேற்ப நுட்பமாக வேண்டியதாயிற்று.

அந்த நுட்பத்தை அணுக் கடிகாரம் தந்தது. அமெரிக்க இராணுவம் ஜி.பி.எஸ். எனப்படும் துணைக்கோள் முறையின் முதல் கோளை 1978-இல் ஏவியது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றும் இந்தக் கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் அனுப்பும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவிக்கின்றன. அலை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, நம் கையிலுள்ள கருவி ஒவ்வொரு கோளின் தூரத்தையும் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்கள் போதுமே என்று தோன்றும். ஆனால் நம் கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையையும் கண்டுபிடிக்க நான்காவது கோள் தேவை. இன்னொரு வியப்பும் உண்டு. ஐன்ஸ்டைன் சொன்னபடி, உயரத்தில் ஓடும் அக்கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட ஒரு நாளைக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும்.

1983 செப்டம்பர் 1-இல் கொரிய பயணிகள் விமானம் ஒன்று வழி விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன் பிறகு, இம்முறை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரேகன் அறிவித்தார். ஆயினும் 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே ஏறத்தாழ 100 மீட்டர் பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பிழையோடுதான் சிங்கப்பூர் டாக்சிகளில் 1990-களில் இந்த முறை புகுந்தது. லிட்டில் இந்தியாவை அறிந்தவர்களுக்கு 100 மீட்டர் என்றால் என்னவென்று தெரியும். கேம்பல் லேனில் மூட்டை முடிச்சோடு நிற்பவரை டன்லப் தெருவில் நிற்பதாகக் காட்ட அதுவே போதும். இந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி உண்டு. மிகத் துல்லியமாக அளந்து வைத்த இடத்தில் ஒரு கருவியை நிறுத்தினால், அது தன் உண்மையான இடத்தோடு ஒப்பிட்டுப் பிழை எவ்வளவு என்று பிறருக்கு அறிவிக்கும். சிங்கப்பூர் நில ஆணையம் 2006-இல் இத்தகைய நிலையங்களை 'சைரெண்ட்' என்ற பெயரில் பிணைத்தது. நில அளவையாளர்கள் இன்று சென்டிமீட்டர் கணக்கில் எல்லை காண அது உதவுகிறது.

கைத்தொலைபேசிக் கோபுரமும் நேரத்தால் தூரம் அறியும். சிங்கப்பூரில் 1994-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட இரண்டாம் தலைமுறைச் சேவையில், ஒவ்வொரு தொலைபேசிக்கும் பேச ஒரு நொடித்துணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருப்பவரின் அலை தாமதமாக வந்து அடுத்தவரின் முறையில் மோதக்கூடாது. எனவே "நீ இத்தனை முன்னதாக அனுப்பு" என்று கோபுரம் கட்டளையிடும். அந்தக் கட்டளையின் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 550 மீட்டர் தூரத்தைக் குறித்தது. தேக்கா சந்தையில் நிற்பவரும் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நிற்பவரும் ஒரே படிக்குள் அடங்கலாம். தூரம் தெரியும், திசை தெரியாது.

தூரம் மட்டும் தெரிந்து திசை தெரியாமல் போவதன் துயரத்தை நாம் எல்லோரும் ஒருமுறை கண்டோம். 2014 மார்ச் 8-ஆம் நாள் அதிகாலை, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் 239 பேருடன் மறைந்தது. அதன் பேச்சு நின்றது. ரேடார்த் திரையிலிருந்தும் அகன்றது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு மேலிருந்த இன்மார்சாட் துணைக்கோள் வழியாக, "இருக்கிறாயா?" என்ற கேள்விக்கு விமானத்தின் வானொலிக் கருவி காலை 8 மணி 19 நிமிடம் வரை அவ்வப்போது விடையளித்திருந்தது. கேள்வி போய் விடை வர எடுத்த நேரத்தைக் கொண்டு, துணைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணித்தார்கள். ஒரே ஒரு கோள். ஆகவே கிடைத்தது ஒரு புள்ளியன்று, ஒரு பெரிய வட்டம். அலையின் அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டு, விமானம் தெற்கே சென்றது என்று முடிவு கட்டினார்கள். அந்த வட்டத்தின் தென்பகுதியை ஒட்டி 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடிவிட்டு, 2017 ஜனவரியில் அத்தேடலை நிறுத்தினார்கள். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு, விமானம் அந்தக் கடலில் விழுந்ததை உறுதிப்படுத்தியது. இன்னும் ஒரு துணைக்கோள் அதே விடைகளைக் கேட்டிருந்தால், அந்த வட்டம் மிகச் சிறிய பரப்பாகச் சுருங்கியிருக்கும்.

இனி, நமக்கு அடுத்து எழும் கேள்வி: என் இடம் யாருக்குத் தெரியும்? ஜி.பி.எஸ். துணைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது பேசுகிறது, நம் கருவி கேட்கிறது, கணக்கும் நம் கையிலேயே நடக்கிறது. அந்தக் கணக்கின் விடையைக் கருவி வேறொருவருக்கு அனுப்பும்போதுதான் பிறர் அறிகிறார்கள். சிங்கப்பூரில் 1998 முதல் சாலைகளுக்கு மேலே நிறுவிய வளைவுகளின் மூலம் மின்னியல் சாலைக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2023 நவம்பர் முதல், துணைக்கோள் கொண்டு இடமறியும் புதிய கருவிகளை வாகனங்களில் பொருத்தத் தொடங்கினார்கள். அப்போது மக்கள் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. வசதி வரும்போது இத்தகைய கேள்வியைக் கேட்பது குடிமக்களின் கடமை.

மறுபுறம், நம் இடம் பிறருக்குத் தெரிய வேண்டிய நேரமும் உண்டு. தோட்டத்துச் செம்பனைக் காட்டில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், வரிசை வரிசையாக ஒன்றுபோல் நிற்கும் மரங்களிடையே ஆம்புலன்ஸ் எப்படி வழி காணும்? மலேசியாவில் 999, சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள பாலம் அல்லது கோயில் இவற்றைச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியின் வரைபடத்தில் நீலப் புள்ளி காட்டும் இடத்தின் எண்களையும் படித்துச் சொல்லலாம். அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் புள்ளி சற்று விலகலாம். ஆகவே திறந்த வெளிக்கு வந்து பார்ப்பது நல்லது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிது. பெரியவர்கள் அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.