ஏணி சுமந்தவன்

தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள், சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் ஒருதரம் பாக்கணும். ஹைதர், திப்புவோடு கம்பெனிக்காரன் மோதிய சண்டைகளில் ரெண்டு கோட்டைக்கும் பங்குண்டு. வியாபாரிகள் கூடுவதற்காக 1795இல் கட்டி முடித்த கட்டடம் அது. பிறகு பட்டாள அதிகாரிகளின் விருந்துக்கூடம். 1948இலிருந்து அருங்காட்சியகம்.

உள்ளே கார்ன்வாலிஸ் சிலை நிற்கிறது. பீடத்தைக் குனிஞ்சு பாருங்க. 1792இல் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக வாங்கும் காட்சி. பிள்ளைகள் இருக்காங்க, வாங்கினவன் இருக்கான். சீரங்கப்பட்டணத்து மதிலுக்கு ஏணி சுமந்தவன் எங்கே?

1780இல் இந்தக் கோட்டையில்தான் மதராஸ் பயனியர் என்று இரண்டு கம்பெனிகளைத் திரட்டினார்கள். பள்ளம் தோண்ட, பாதை போட, குண்டுக்கு நடுவே ஏணி தூக்க. துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் போகிறவன் இவன்தான். அதுவே பின்னால் மதராஸ் சாப்பர்ஸ் ஆனது. அதில் பறையர் சனம் கணிசம். பட்டாளத்தில் அவர்களுக்குத் ‘தம்பி’ என்றே பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ‘போர்க்குலம்’ என்று தரம்பிரித்த வெள்ளைக்காரன் (சாதி பாக்க அவனுக்கு யார் சொல்லித் தரணும்!) தெற்கத்தியக் காலாட்படையைக் கழிச்சுக் கட்டினபோதும் தம்பிகள் மிஞ்சினார்கள்.

நம்ம சேரிகளில் பட்டாளத்துத் தாத்தா வீடு என்று இன்னமும் சொல்லுவாங்க. அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் மெடலோ, டிஸ்சார்ஜ் தாளோ கிடக்கும். கேட்டு எழுதி வையுங்க.