அரங்கேற்றத்திற்குப் பின்: ஆடற்கலை வாழ்க்கைத் தொழிலாக நிலைத்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், நாம் தமிழ் கற்பித்த மாணவி ஒருவரின் பரதநாட்டிய அரங்கேற்றத்திற்குச் சென்றிருந்தோம். பத்தாண்டுப் பயிற்சியின் பயனை அன்று மேடையில் கண்டு மகிழ்ந்தோம். வாழ்த்திய பின், "அடுத்து என்னம்மா?" என்று வினவினோம். "எல்லாம் முடிந்துவிட்டது ஐயா, இனிப் பல்கலைக்கழகம்தான்" என்றார் அவர். அன்றிரவு முழுதும் அந்த விடை நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது.

அரங்கேற்றம் என்னும் சொல் அரங்கில் ஏறுதலைக் குறிப்பது. ஏறுதல் ஒரு தொடக்கம். புலவர் தம் நூலை அரங்கேற்றினார் என்றால், அந்நூல் அன்றுதான் உலகோர் கைக்கு வந்தது என்பது பொருள். தொடக்கத்தைச் சுட்டிய சொல் நம் சூழலில் முடிவைச் சுட்டுவதாயிற்று. சொற்பொருள் மாற்றம் மொழியியலார்க்குப் புதிதன்று. ஆயினும் ஒரு சொல்லின் பொருள் தலைகீழாகும்போது, அதன் பின்னே வாழ்க்கை ஏதோ ஒரு வகையில் மாறியிருக்கும். ஆடற்கலை ஒருவருக்கு வாழ்நாள் தொழிலாக எவ்வெக்காலத்தில் எவ்வாறு நிலைத்தது என்பதை ஆராய்ந்தால் அம்மாற்றம் விளங்கும்.

சங்க காலத்தில் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் ஊர்தோறும் சென்று கலையால் வாழ்ந்தனர். புரவலர் தந்த பரிசிலே அவர்தம் வருவாய். பரிசில் பெற்று மீள்பவர், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞரை அதே வள்ளலிடம் ஆற்றுப்படுத்தினர். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் வழியைக் கூத்தருக்குக் காட்டுகிறது. தமக்குக் கிடைத்த வாய்ப்பை மறைக்காமல் மற்றவர்க்கும் காட்டிய அப்பண்பு, கலைஞர் குழுவொன்று பிழைத்திருக்கக் கண்ட முதல் வழி எனலாம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வேறொரு நிலையைக் காட்டுகிறது. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடினாள். ஆடலாசான், இசையாசான், நன்னூற்புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அனைவரின் உழைப்பும் அந்த ஒரு மேடைக்குப் பின்னே இருந்தது. அவள் தலைக்கோல் என்னும் சிறப்பும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். ஆனால் அப்பொன்னே அவளை அடைவதற்குரிய விலையாகவும் நகரத் தெருவில் கூறப்பட்டது. கலைக்குரிய மதிப்பும் கலைஞரின் உடலுக்குரிய விலையும் அங்குப் பிரிக்கப்படவில்லை. மணிமேகலையில் மாதவி ஆடலைத் துறந்து அறவழி செல்வதை நாம் அறிவோம். பெரும்புகழ் பெற்ற ஒருத்தியின் ஆடல் வாழ்வு நீடிக்காமற் போனதன் காரணத்தை இங்கே உணரலாம்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும். உறவினருள் தகுதியுடையார் இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. பிறப்புரிமையோடு தகுதியையும் வலியுறுத்தும் இவ்விதி கருதத்தக்கது. காப்பியத்தில் கண்ட தலைக்கோல், சோழர் கல்வெட்டுகளில் 'தலைக்கோலி' என்னும் பட்டமாகத் தொடர்கிறது.

அரசும் கோயிலும் தளர்ந்தபோது அந்தப் பங்குகளும் தளர்ந்தன. தேவதாசி முறையில் புகுந்த சுரண்டலை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நெடுங்காலம் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சமூக நீதிக்கு அது இன்றியமையாதது. ஆயினும் அக்கலையைக் காத்துவந்த குடும்பங்கள் பல தம் தொழிலை இழந்தன என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. சதிர் என வழங்கிய ஆடல் 1930-களில் பரதநாட்டியம் என்னும் பெயரோடு புதிய அரங்குகளில் ஏறியது. 1935-இல் அடையாற்றில் ஆடிய ருக்மிணி தேவி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திராவை நிறுவினார்.

இசைவேளாளர் மரபில் வந்த பாலசரசுவதி 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். மரபுவழி ஆதரவு அவர் கண்முன்னே மறைந்தது. அவர் ஆடுவதோடு நில்லாமல் சென்னையிலும், பின்னர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1973-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், 1984-இல் மறையும்வரை அக்கலையோடு வாழ்ந்தார். மேடையால் மட்டும் அவ்வாழ்வு நீண்டிருக்காது. கற்பித்தல் அதற்கு இரண்டாம் தூணாயிற்று.

நம் மண்ணுக்கு வருவோம். கே. பி. பாஸ்கர் 1952-இல் சிங்கப்பூரில் நடனப் பள்ளியைத் தொடங்கினார். 1955-இல் கேரளத்திலிருந்து வந்து அவரோடு இணைந்த சாந்தா பாஸ்கர் அப்போது பதின்ம வயதினர். அரசர் பரிசிலோ கோயில் பங்கோ இங்கு இல்லை. பல இன மக்கள் வாழும் துறைமுக நகரே அவர்தம் அவை. 1958-இல் பட்டாம்பூச்சிக் காதலர் என்னும் சீனக் கதையைப் பரதநாட்டியத்தில் அமைத்தார் சாந்தா. அண்டை வீட்டார் அறிந்த கதையை நம் அடவுகளால் சொன்னதால் அவ்வாடல் அவர்களுக்கும் உரியதாயிற்று. 1990-இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், 2022-இல் மறையும்வரை ஆடல்களை அமைத்துக்கொண்டே இருந்தார். இலங்கையில் பிறந்து கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், 1977-இல் அப்சராஸ் ஆர்ட்ஸை நிறுவி, 1989-இல் அதே பதக்கம் பெற்றார். மலேசியாவில் ராம்லி இப்ராகிம் 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி, மலாய்க்காரராகிய தாம் பரதநாட்டியத்தையும் ஒடிசியையும் வாழ்நாட் பணியாக்கினார்.

இவர்தம் வாழ்வை ஒப்பிட்டால் மூன்று பண்புகள் பொதுவாக அமைவதைக் காண்கிறோம்: தாம் ஆடினர், பிறர்க்குக் கற்பித்தனர், புதியன படைத்தனர். உடல் தளரும்போது முதலாவது குறையும். மற்றவை இரண்டும் அப்போதுதான் முதிரும். ஆடற்கலைஞர் ஒருவருக்கு இருபது வயதில் உள்ள உடல் அறுபதில் இராது. ஆனால் அறுபதில் உள்ள அமைப்பறிவு இருபதில் வருவதன்று. மேடையைத் தாங்கப் பள்ளியும், பள்ளியைத் தாங்கக் குழுவும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்து நிறுவனங்களைக் கட்டினர்.

தமிழில் 'தொழில்' என்னும் சொல் வாழ்க்கைப் பணியையும் குறிக்கும், இலக்கணத்தில் வினையையும் குறிக்கும். வினை நிகழ்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டால் பெயர் மட்டும் எஞ்சும். அரங்கேற்றத்தோடு ஆடலை நிறுத்தும் மாணவருக்கும், தேர்வு முடிந்ததும் தமிழை நிறுத்தும் மாணவருக்கும் நேர்வது ஒன்றே. இருவரிடமும் சான்றிதழ் இருக்கும். கலையும் மொழியும் புழக்கத்தில் இரா.

எல்லாரும் ஆடலையே தொழிலாகக் கொள்க என்று நாம் கூறவில்லை. பிற பணியிலிருந்துகொண்டு வாரம் ஒருநாள் கற்பிப்பவரும், தம் தோழரின் ஆடலுக்குப் பாட்டமைத்துத் தருபவரும் இக்கலையைத் தாங்குவோரே. ஆனால் ஒரு தலைமுறையில் சிலரேனும் இதையே வாழ்வாகக் கொண்டாலன்றி, மற்றவர்க்குக் கற்பிக்க ஆளிராது. அச்சிலரை ஆசிரியர்கள் அடையாளம் காண வேண்டும். பெற்றோர் அஞ்சாது வழிவிட வேண்டும். முன்னே சென்றவர் பின்னே வருவோரைப் பழைய கூத்தர் போல ஆற்றுப்படுத்த வேண்டும்.

நம் முன்னாள் மாணவியை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். குடியிருப்புப் பேட்டைச் சிறார் சிலருக்கு வார இறுதியில் அடவு கற்பிப்பதாகக் கூறினார். அவர் அன்று முடிந்துவிட்டது என்று நினைத்தது, தொடங்கியிருக்கிறது.