கேர் கோதுமை தின்ற தலைமுறை

அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை இழுத்து மூடுகிறது என்ற செய்தி 2025இல் பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம், எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "நம்ம பள்ளிக்கூடத்துச் சாப்பாடே அமெரிக்காக்காரன் போட்டதுதான டீச்சர்? இனிமே மத்த நாட்டுப் பிள்ளைக என்ன செய்யும்?" பின்பாதி நியாயமான கவலை, எனக்கும் அந்தக் கவலை உண்டு. முன்பாதி தவறு. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் 1964இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்து, அமெரிக்கா அனுப்பிய கோதுமையைத் தின்று வளர்ந்தவள் நான். பிறகு திருச்சுழிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, அதே கோதுமையை நிறுத்துப் போட்டுப் பதிவேடு எழுதியிருக்கிறேன். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வரிசை மாறினால் வரலாறே மாறிப்போகும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் யோசனை இங்கே கோதுமைக் கப்பலுக்கு நாற்பது ஆண்டு மூத்தது. 1920இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பெரிய ஏற்பாடு இல்லைதான். ஆனால் பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது, அதைக் கவனிப்பது மாநகராட்சியின் வேலை என்று பொதுப்பணத்தை எடுத்து வைத்தார்களே, அதுதான் விதை.

அது மாநிலம் முழுக்கப் பரவியது காமராசர் முதலமைச்சராக இருந்தபோது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் "ஏன் பள்ளிக்கூடம் போகலை?" என்று அவர் கேட்டதும், "சோறு யார் போடுவா?" என்று அவன் திருப்பிக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நடந்ததோ நடக்காததோ, அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அன்றைக்குப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஊராரிடம் கையேந்தினார். அரசிடம் முழுப்பணமும் இல்லை. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசு கொடுக்கும், மிச்சம் நாலு பைசாவை ஊர் கொடுக்க வேண்டும். நாலு பைசா என்பது காசாகவே வரவேண்டும் என்றில்லை. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் கம்பு கொடுத்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள் உண்டு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் இதே ஊரார்தான் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். சோறும் கட்டடமும் ஒரே கையிலிருந்து வந்தன.

இதெல்லாம் நடந்த பிறகுதான் கேர் என்ற அமெரிக்க உதவி அமைப்பு எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. 1961இல்.

கேர் அமைப்பு பிறந்தது இந்தியாவுக்காக அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல், பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்ப 22 அமெரிக்க அமைப்புகள் கூடி அதை உண்டாக்கின. படைவீரர்களுக்காகத் தயாரித்து மிஞ்சிப்போன உணவுப் பெட்டிகளே அதன் முதல் சரக்கு. 1946 மே மாதம் அவை பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின. 1950இல் இந்திய அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இங்கே வந்தது. 1954இல் அமெரிக்கா பொதுச்சட்டம் 480 என்ற ஒன்றை நிறைவேற்றியது. அங்கே விவசாயிகளிடம் அரசு வாங்கிக் குவித்த கோதுமையும் சோளமும் பால்மாவும் கிடங்கு கொள்ளாமல் கிடந்தன. அவற்றை வெளியே அனுப்பச் சட்டம் வழி செய்தது. ஒரு பகுதி விலைக்கு, அதுவும் ரூபாயாகவே வாங்கிக்கொள்ளும் விலைக்கு. இன்னொரு பகுதி கேர் போன்ற அமைப்புகள் வழியாக இலவசமாக. எங்கள் தட்டுக்கு வந்தது இரண்டாவது வகை. இலவசம் என்றாலும் துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கூலி நம் செலவு. இந்திய அரசு சுங்கவரியைத் தள்ளுபடி செய்து, உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டது.

ஆக, அமெரிக்கச் சரக்கு வந்து சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே அடுப்பு இருந்தது, அண்டா இருந்தது, சமைக்க ஆள் இருந்தார், கணக்குப் பார்க்க வாத்தியார் இருந்தார். ஊரார் நாலு பைசா கொடுத்துப் பழகியிருந்தார்கள். கேர் கொண்டுவந்தது தானியமும் பாலும் எண்ணெயும். அது சிறிய உதவி இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரார் பங்கு வராமல் அடுப்பு அணைந்திருக்கக்கூடிய எத்தனையோ பள்ளிகளில் அணையாமல் காத்தது அந்தக் கோதுமை. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

எப்படிச் சமைத்தார்கள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எழுதிவைத்தவர்கள் குறைவு. மூட்டை ஒன்றியக் கிடங்கிலிருந்து மாட்டுவண்டியில் வரும். மூட்டைத் துணியிலும் எண்ணெய் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். கீழே, இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கக்கூடாது என்று இங்கிலீஷில். கோதுமை முழுசாக இருக்காது. அவித்துக் காயவைத்து உடைத்த ரவை. கம்பங்கூழும் சோளச்சோறும் தின்ற எங்கள் பக்கத்துக்கு அது புதுசு. எங்கள் பள்ளியில் சமைத்தவரைப் பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலையில் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு சுள்ளி கொண்டுவந்து அடுப்பங்கரையில் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். பெரியம்மா ரவையைச் சுளகில் போட்டுப் புடைத்து வண்டு எடுப்பார். அண்டாவில் அந்த சோயா எண்ணெயை ஊற்றி, வாடை போகிற வரைக்கும் காயவிடுவார். பிறகு கடுகு, மிளகாய் வத்தல், இருந்தால் வெங்காயம். இந்த மூன்றும் ஊரார் கொடுத்தவை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ரவையைக் கொட்டுவார். மக்காச்சோள மாவு வந்த மாதங்களில் மஞ்சள் உப்புமா. அது ஆறினால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்கத் தின்றால் ருசி.

பால்மாவுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கொதிதண்ணீரில் நேரே போட்டால் உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். பெரிய வகுப்புப் பெண்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏ புள்ள, வெதுவெதுன்னு தண்ணிய ஊத்தி மொதல்ல கொழப்பு. கட்டி தட்டுனா வெரலால நசுக்கு, அப்பறம் அண்டால ஊத்து" என்று சொல்லிக்கொடுப்பார். பால் பழக்கமில்லாத வயிறுகளுக்கு முதல் வாரம் ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டினார். இதெல்லாம் எந்த அமைப்பின் கையேட்டிலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவின் கையில் இருந்தது. காலி மூட்டைத் துணியை வீட்டில் டவுசராகவும் பையாகவும் தைத்துக்கொண்டார்கள். காலி டின்னில் குடம் கிடைக்காத வீடுகள் தண்ணீர் எடுத்தன.

இன்னொன்றும் அந்த அடுப்பைச் சுற்றி நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பதற்கு எத்தனை ஊர்களில் எதிர்ப்பு இருந்தது என்று இப்போதைய ஆசிரியர்களுக்குத் தெரியாது. சாதி பார்த்துப் பிள்ளையைத் தட்டோடு வீட்டுக்கு இழுத்துப்போன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். யார் சமைக்கிறார் என்பதற்காக மட்டும் அடுப்பை நிறுத்தப் பார்த்த ஊர்களும் உண்டு. அன்றைக்கு அந்த வரிசையைக் கலைய விடாமல் நின்ற தலைமையாசிரியர்களை நான் மறக்க மாட்டேன். தட்டில் கோதுமை விழுந்தது கப்பலால். பந்தி ஒன்றாக நடந்தது அவர்களால்.

தானியத்தை வெளியே நம்பியிருப்பதன் ஆபத்து 1965, 66இல் நாடு முழுவதற்கும் புரிந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை இல்லை. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி ஆயிற்று. வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததில் கோபம், இந்தியா தன் விவசாயத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற வற்புறுத்தல், இரண்டும் சேர்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் மொத்தமாக அனுப்பாமல் மாதக் கணக்கில் இழுத்து இழுத்துக் கப்பலை விட்டார். ஒரு கப்பல் இறங்கினால்தான் அடுத்த வாரத்துக்குச் சாப்பாடு என்ற நிலை. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் மெக்சிகோ குட்டைக்கோதுமை விதைகளை இறக்கியதற்கு அந்தத் தவிப்பு ஒரு பெரிய காரணம். விலைக்கு வாங்கிய தானியத்துக்கு நாம் கொடுத்த ரூபாய் அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே மலையாகக் குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் அதில் பெரும்பகுதியை இந்தியாவுக்கே விட்டுக்கொடுத்து 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையை நீட்டினார். உதவி என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வகைக் கணக்குகள் இருந்தன என்பதற்கு அந்தக் காசோலையே சாட்சி.

நான் வேலைக்குச் சேர்ந்த 1979இல் மூட்டைகள் முன்போல் ஒழுங்காக வருவதில்லை. வரும் மாதம் வரும். வராத மாதம் பிள்ளைகள் வெறும் தட்டோடு வீட்டுக்குப் போகும். அந்த மாதங்களில் வருகைப்பதிவேட்டைத் திறந்தாலே கோதுமை தீர்ந்த தேதி தெரிந்துவிடும்.

1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கும்பகோணத்தில் தாயும் அண்ணனும் தானும் பட்டினி கிடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். அரசுப்பணத்தை இப்படிச் சோற்றில் கரைக்கலாமா, இது ஓட்டுக்கான வேலை என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதினார்கள். அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த மாற்றம் இரண்டு. ஒன்று, கோதுமை போய் அரிசி வந்தது. அதாவது பிள்ளைகள் வீட்டில் தின்ன ஆசைப்பட்ட சோறு, நம் விற்பனை வரியில் வாங்கிய சோறு. இரண்டு, மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. எங்கள் பள்ளிக்கு வந்த உதவியாளர் அதுவரைக்கும் கல் உடைக்கப் போனவர். மாதச் சம்பளம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய முதல் நாள், நோட்டை எண்ணாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எந்த ஆட்சி வந்தும் அந்த அடுப்பை அணைக்கவில்லை. 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். 1995இல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டம் கொண்டுவந்தது. 2001இல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவே தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் தொடங்கியது. கேர் கோதுமை நின்றபோது எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் இருந்ததற்குக் காரணம், அந்தக் கோதுமைக்கு முன்பே இருந்த ஏற்பாடும் அதற்குப் பின் வந்த வரிப்பணமும்.

இப்போது பாருங்கள். யுஎஸ்எய்டு தன் வெளிநாட்டு உதவிப்பணியை முறைப்படி முடித்துக்கொண்ட தேதி 2025 ஜூலை 1. அதே நாட்களில் ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சிக்கு நிதி திரட்டும் ஐ.நா. மாநாடு நடந்துகொண்டிருந்தது, அமெரிக்கா அதிலிருந்தும் விலகிக்கொண்டது. செப்டம்பரில் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் பள்ளி உணவுக் கூட்டமைப்பின் உச்சிமாநாடு. அதையொட்டி உலக உணவுத் திட்டம் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 46.6 கோடி பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். அதற்கான பணத்தில் 99 சதவீதம் அந்தந்த நாட்டின் கஜானாவிலிருந்தே வருகிறது. நாங்கள் நடந்த பாதையில் உலகமே நடக்கிறது என்று படித்தபோது மனம் நிறைந்தது.

ஆனால் வெளியிலிருந்து வரும் அந்த மிச்சம் ஒரு சதவீதம், ஏழை நாடுகளின் கணக்கில் அதைவிடப் பெரிய பங்கு. சூடானைப் பார்த்தால் என் வாதத்துக்கே ஓர் எல்லை தெரிகிறது. போர் வந்ததும் கார்ட்டூமில் இளைஞர்களும் பெண்களும் தெருத்தெருவாகப் பொதுச் சமையல் நடத்தினார்கள். அடுப்பு அவர்களுடையது, கை அவர்களுடையது. 2025 ஜனவரியில் அமெரிக்கப் பணம் திடீரென்று நிறுத்தப்பட்டபோது அதில் பெரும்பாலானவை மூடிப்போயின. உள்ளூர் ஆட்கள் மட்டும் போதாது. வரி வாங்கிச் செலவு செய்ய ஓர் அரசு வேண்டும், அந்த அரசுக்குப் போர் இல்லாத நாள் வேண்டும். எங்களுக்கு 1961க்கும் 1982க்கும் இடையே இருபது ஆண்டு அவகாசம் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லை. உதவியை நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுத்துகிறவர்கள் அடுத்த பொறுப்பாளர் வந்து கரண்டியைப் பிடிக்கிற வரைக்குமாவது நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் போனது கொடுமை.

நம் பக்கத்துக் கடனும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1982இல் சேர்ந்த அந்த அமைப்பாளர்களும் சமையலர்களும் உதவியாளர்களும் காலமுறை ஊதியம் கேட்டும் முறையான ஓய்வூதியம் கேட்டும் ஆண்டாண்டுகளாகத் தெருவில் உட்காருகிறார்கள். கேட்டவர்கள் பலர் ஓய்வுபெற்றே போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் வந்தவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கல் உடைத்த கையோடு எங்கள் பள்ளிக்கு வந்து முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவருக்கு இப்போது வருவது அவருடைய மருந்துச் செலவுக்கே காணாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்த மனு கொடுக்கும்போது நானும் அவர்களோடு போகிறேன்.